கோழிச் சாமியும் அண்ணன் காலும்

செமினரியில் படித்த காலத்தில் எனக்கு மிஞ்சியது ஒரு கோழியும் ஒரு நாற்காலியும்தான். இரண்டும் என்னுடையவை அல்ல. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஸ்பெயின் தேசத்தில் இருந்த ஒரு சாமியாருடையவை.

அவர் வெள்ளை அங்கி போடுகிற சபையைச் சேர்ந்தவர். அங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இறையியல் சொல்லிக்கொடுத்தவர். அவரைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்த குருவானவர் முழுக்க இங்கிலீஷில் எடுத்தார். எனக்கு அப்போது தெரிந்தது தோட்டத்து இங்கிலீஷ். டிஸ்பென்சரி, ஸ்டோர், ஃபீல்ட் ஆபீஸர், செக்ரோல். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு இறையியல் படிக்க முடியுமோ அவ்வளவு படித்தேன்.

என் தலையில் நின்றது இதுதான். நோயில் விழுந்தவன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கடமைப்பட்டவன். ஆனால் அதற்காகத் தலைகீழாக நிற்கச் சொல்லிக் கடவுள் கேட்கவில்லை. ஊர் ஜனம் சாப்பிடுகிற சாப்பாட்டைச் சாப்பிட்டால் போதும். வைத்தியர் வந்து, கோழி சாப்பிடு, இன்னும் பல வருடம் இருப்பாய் என்று அடித்துச் சொன்னாலும், சாப்பிடாமல் விட்டது பாவமாகாது. அந்தக் காலத்தில் அந்த ஊரில் கோழி பணக்காரர் சாப்பாடு. வகுப்பில் தூங்கிக்கொண்டிருந்த நான் கோழி என்ற சொல்லுக்கு முழித்துவிட்டேன். செமினரிச் சாப்பாடு அப்படி.

நாற்காலி விஷயம், கடைசிக் காலத்தில் அவருக்குக் கால் போய்விட்டது. வாதம். நடக்க முடியாது. படிக்க வந்த பையன்களே அவரை நாற்காலியோடு தூக்கி வகுப்புக்குக் கொண்டுபோவார்களாம். அவர் தன் கையால் ஒரு புத்தகமும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. மாணவர்கள் எழுதிக்கொண்டதுதான் பிறகு உலகம் பூராவும் போய், இன்றைக்கும் டாக்டர்மாரும் குருவானவர்களும் அதை வைத்து வாதாடுகிறார்கள். அந்த மாணவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தால் உலகத்துக்குக் கோழி மட்டும்தான் கிடைத்திருக்கும்.

செமினரியிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பியது பெரிய குற்றம் எதற்காகவும் இல்லை. மௌன தியானத்தில் சிரித்துவிடுவேன். குருவாக இருப்பவன் சில நேரம் முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும், உனக்கு அது வராது என்று அதிபர் பாசமாகத்தான் சொன்னார். இப்போது யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் திரீவீல் ஓட்டுகிறேன். பங்குச் சாமியார் எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வாசகம் வாசிப்பதும் செபம் சொல்லிக்கொடுப்பதும் நான். அரைச்சாமி என்று எனக்குப் பேர் வைத்தது என் அண்ணன். தோட்டமே அப்படித்தான் கூப்பிடுகிறது.

அண்ணன் ரப்பர் மலையில் பால் வெட்டியவர். அண்ணி செத்துச் சில வருடம் ஆகிவிட்டது. ஒரே மகள் கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸில் வேலை. அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பிளேன்டீயில் சீனி போடாமல், பக்கத்தில் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார். அது கணக்கில் வராது என்பது அவருடைய சொந்த இறையியல்.

போன மழைக்காலத்தில் மலையில் ஒரு மூங்கில் கட்டை அவர் உள்ளங்காலில் ஏறிவிட்டது. சீனிக்காரருக்குக் காலில் உணர்ச்சி கிடையாது. செருப்புக்குள் பிசுபிசுத்ததை, சிரட்டையிலிருந்து பால் சிந்தியது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு வேலை முடியும் வரைக்கும் வெட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் தண்ணீர் சிவப்பாக ஓடியது. டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டார்கள். ஒரு விரலை எடுத்தார்கள். அப்புறம் கறுப்பு பாதத்தில் ஏறியது. எங்கள் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்குள் நுழையும்போதே வாடை வந்தது.

எங்கள் லயத்துக்கு ரோடு கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தோடு திரீவீல் நின்றுவிடும். அதனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் கம்பு கட்டி, ஆள் மாற்றி ஆள் தூக்கிக்கொண்டு இறங்கினோம். ரப்பர் இலைச் சருகில் கால் வழுக்கியது. முன்னால் தூக்கினவன் நான். நாற்காலியில் போன அந்த ஸ்பெயின் சாமியாரைப் பல வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நினைத்தேன். அவருடைய மாணவர்களுக்குச் சமதரை கிடைத்திருக்கும் என்று பொறாமையாகவும் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். நல்ல மனுஷன். அவசரப்படாமல் பேசினார். கக்குல கப்பன்ன வெனவா, காலை வெட்ட வேண்டிவரும் என்று சிங்களத்தில் சொன்னார். முழங்காலுக்கு மேலே. உடனே செய்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, விட்டால் விஷம் இரத்தத்தில் ஏறிவிடும். அண்ணன் எங்களைவிட நன்றாகச் சிங்களம் பேசுகிறவர். கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“எபா.”

வேண்டாம் என்றால் வேண்டாம். டாக்டர் மறுநாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாள் ஒரு தமிழ் நர்ஸ்பிள்ளையை அனுப்பிக் கேட்டார். அதே பதில். அவரே விரும்பித்தான் போகிறார் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, மருந்தும் கட்டுத் துணியும் கொடுத்து அனுப்பினார்கள். எப்போது மனம் மாறினாலும் கூட்டிக்கொண்டு வா என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நாற்காலி மறுபடி மேலே ஏறியது.

அண்ணன் மகள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள். அழுதாள், சண்டை போட்டாள், அப்பாவின் தலையைத் தடவிக் கெஞ்சினாள். வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவள் அதைச் சொன்ன இடத்திலேயே அவர் மனம் பூட்டிக்கொண்டது என்று எனக்குப் பட்டது. எங்கள் குடும்பத்தில் லயத்தை விட்டு வெளியே போனவள் அவள் ஒருத்திதான். நான் போனேன், திரும்பி வந்தேன், அதைக் கணக்கில் எடுக்க முடியாது.

இதற்கு நடுவில் கங்காணி வந்தார். கோயில் கமிட்டித் தலைவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு எடுத்தும் கங்காணி என்ற பேர் ஓய்வு எடுக்கவில்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. செபமாலை சொல்லாமல் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் அண்ணன் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார்.

“வைத்தியம் இருந்தும் வேணாங்கிறது தன்னையே மாச்சிக்கிறதுதான், தம்பி. அப்பறம் வேலிக்கு அந்தப் பக்கந்தான். நான் வச்ச சட்டமில்ல இது.”

வேலி என்று அவர் சொன்னது தோட்டத்துக் கல்லறைத் தோட்டத்தின் வேலியை. துரைமார் காலத்தில் வேதக்காரருக்கென்று மலைச் சரிவில் ஒரு துண்டு நிலம் கொடுத்திருந்தார்கள். அதைச் சுற்றி முள்ளுக்கம்பி. தானாக உயிரை மாய்த்துக்கொண்டவர்களைக் கம்பிக்கு வெளியே, கீழ்ப்பக்கத்தில் புதைப்பது வழக்கம். குருசு கிடையாது. ஒரு கல் மட்டும் நட்டிருக்கும். அங்கே சில குழிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் பழையது கங்காணியின் சொந்தத் தங்கச்சியுடையது. எல்லாவற்றுக்கும் புதியது அண்ணனின் கூட்டாளியுடையது. இருவரும் பக்கத்துப் பக்கத்து மரங்களில் பால் வெட்டியவர்கள். அந்த மனுஷன் ஒரு நாள் புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டார். வெளியே குழி வெட்டியது அண்ணன்தான். அன்றைக்குச் சாமியார் யாரும் வரவில்லை. நான் செமினரியில் இருந்தேன். கங்காணி ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடித்தாராம்.

அந்தக் கூட்டாளியின் சம்சாரம் எங்கள் அறைக்கு அடுத்த காம்பரா. கல்லறைத் திருநாளில் எல்லோரும் உள்ளே குழிகளுக்குப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது அந்த அக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தியிருப்பார். சாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்து கம்பியோடு திரும்பிவிடுவார். வெளியே யார் என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை. காற்று கீழேயிருந்து அடிப்பதால் அக்காவின் மெழுகுவர்த்தி நிற்காது. தகர டப்பா வைத்து மறைத்துக்கொள்வார்.

அண்ணி கிடப்பது வேலிக்கு உள்ளே, கடைசி வரிசையில் கடைசிக் குழி. உள்ளே இப்போது இடமே இல்லை. அண்ணிக்குப் பக்கத்தில் இருப்பது கம்பி. கம்பிக்கு அடுத்து ஓர் ஆள் கிடக்கிற அளவு காலி இடம். அதற்கு அடுத்து கூட்டாளி. ஆக, கங்காணி சொன்னபடி நடந்தால் அண்ணன் தன் மனைவிக்குப் பக்கத்திலேயே கிடக்கலாம், நடுவில் முள்ளுக்கம்பி இருக்கும். இதை வேறு யாருக்காவது நடந்ததாகக் கேள்விப்பட்டிருந்தால் நான் நாலு நாள் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அண்ணனுக்கு அது சிரிப்பாக இல்லை. சாவைப் பற்றி அவர் பேசவே இல்லை. வேலியைப் பற்றித்தான் பேசினார்.

அடுத்த காம்பரா அக்கா அந்த நாட்களில் வளர்த்த கோழி ஒன்றை அறுத்து, மிளகு தட்டிப் போட்டு சூப்பு கொண்டுவந்தார். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்றலைப் பார்க்க முடியாமல்தான் நான் வாயைத் திறந்தேன்.

“வுடுங்கக்கா. கோழி திங்காட்டி பாவமில்லன்னு ஒரு சாமியாரு எழுதியே வச்சிருக்காரு.”

அண்ணன் திரும்பினார். எந்தச் சாமியார் என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியையும் சொன்னேன். அவருக்கும் சீனியா என்று கேட்டார். இல்லண்ணே, வாதம் என்றேன். கோழிச் சாமி என்று பேர் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். சூப்பில் பாதியையும் குடித்தார்.

அதற்குப் பிறகு தினமும் நான் திரீவீலை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்ததும், இன்னைக்கு கோழிச் சாமி என்னா சொல்றாரு என்று கேட்பார். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அதை நீட்டி நீட்டிச் சொன்னேன். கடல் தாண்டிப் போன அவர்களுடைய ஆட்கள் அங்கே இருந்த ஜனங்களின் மண்ணைப் பிடுங்கியபோது, அந்த மண் அந்த ஜனத்துக்குத்தான் சொந்தம், அவர்கள் வேதத்துக்கு வராவிட்டாலும் சொந்தம்தான் என்று வகுப்பிலேயே சொன்னவர் அவர். ராஜாவுக்குக் கோபம் வந்து, அந்தச் சாமியாரை வாயை மூடச் சொல்லுங்கள் என்று அவருடைய மடத்துக்குக் கடிதம் அனுப்பினார். அண்ணன் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நமக்கும் ஒரு துண்டு மண் வாங்கிக் குடுத்திருக்கலாம், பொதைக்கவாவது ஆகியிருக்கும் என்றார்.

ஒரு சாயங்காலம் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய துணியை உரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அரைச்சாமி. கோழிக்குச் சொன்னாரு, சரி. காலுக்கு என்னா சொன்னாரு?”

பழைய துணியை வாளியில் போட்டேன்.

காலுக்கும் பதில் இருந்தது. அவருக்குப் பின்னால் அதே மடத்திலிருந்து வந்து, அவருடைய இடத்தில் பாடம் எடுத்தவர்கள் கோழியிலிருந்து காலுக்குப் போனார்கள். ஓர் உறுப்பை வெட்டினால்தான் உயிர் பிழைக்கும் என்றால், அந்த வேதனையைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வேண்டாம் என்று சொன்னவன் தன்னைக் கொன்றுகொண்டவன் ஆகமாட்டான். அந்த வகுப்பில் நான் முழித்துத்தான் இருந்தேன். கோழி போட்ட விழிப்பு அதுவரை நீடித்தது.

இதை நான் சொன்னால் அண்ணன் செத்துப்போவார். பாவம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால், வேலிக்குப் பயந்து நாளைக்கே நாற்காலியில் ஏறுவார். கால் போகும், ஆள் இருப்பார். அவர் என்னைத்தான் கேட்டார். கங்காணியைக் கேட்கவில்லை. சாமியார் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. அரைச்சாமிக்கு அப்படி ஒரு முழு அதிகாரம் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கிடைத்தது.

பாவம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை. செமினரி அதிபர் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார். அண்ணன் என் முகத்திலேயே பதிலைப் படித்துவிட்டார். அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது. உள்ளதைச் சொன்னேன்.

சொல்லிவிட்டு வக்கீல் மாதிரி வாதாடினேன். அந்தக் காலத்தில் மயக்க மருந்து இல்லண்ணே, ரம்பத்தை வச்சு அறுத்தான், அதனாலதான் அப்பிடி எழுதினான், இப்ப ஊசி போட்டா ஒண்ணும் தெரியாது, அந்தச் சாமியாரே இன்னைக்கு இருந்தா வெட்டிக்கன்னுதான் சொல்லுவாரு என்றேன். அண்ணன் கேட்டுக்கொண்டார்.

“வலியப் பத்தி யார்ரா பேசுனா? தண்ணிப் பீலி மேல இருக்கு, கக்கூசு கீழ இருக்கு. என்னைய யாரு தூக்குவா? ஒன் முதுகு ஏற்கனவே போச்சு. அவ வேலய வுட்டுட்டு இங்க வந்து குந்துவா. அப்பறம் அவளும் வாளிய தூக்கிக்கிட்டு மலைக்குப் போவா.”

குடும்பத்துக்கு ஆகிற சுமையையும் அந்தச் சாமியார்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. செமினரிக்கே போகாத மனுஷன் அந்த இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பெருமைப்படுகிற மனநிலையில் நான் இல்லை. புதுத் துணியைச் சுற்றிக் கட்டினேன்.

அண்ணன் மகள் வாசலில் பீலித் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. குடத்தை இறக்கி வைத்தாள். வெளியே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். சத்தம் போடவில்லை.

“நான் கெஞ்சிக்கிட்டு இருக்கேன். நீங்க அவருக்கு லைசன் எடுத்துக் குடுக்கிறீங்க.”

ஏதாவது சொல்லிச் சமாளிக்கிற வாய் என்று பேர் எடுத்தவன், கீழே இறங்கிப் போய்த் திரீவீலைத் துடைத்தேன். அந்தப் பிள்ளை அதன்பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு மட்டும் போட்டு வைப்பாள்.

அண்ணனுக்குக் காய்ச்சல் ஏறியதும் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டேன். கூப்பிடாதே என்று லயமே சொன்னது. நோயாளிக்குச் சாமியார் செபம் சொல்லி எண்ணெய் பூசிவிட்டால் அந்த ஆள் எழும்ப மாட்டார் என்பது எங்கள் தோட்டத்தில் சட்டம். அதனால் எல்லோரும் மூச்சு நிற்கிற கட்டத்தில்தான் சாமியாருக்குச் சொல்லி அனுப்புவார்கள், அவர் வந்து பூசுவார், ஆள் போய்விடும், பார்த்தாயா என்பார்கள். நான் அவரைத் திரீவீலிலேயே ஏற்றிக்கொண்டு வந்தேன். இளம் வயது, சிங்களவர். தமிழ்ப் பூசையைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்து வாசிப்பார். உச்சரிப்பு நன்றாகவே இருக்கும். பூசைக்கு வெளியே தமிழ் வராது.

கங்காணியும் வந்து கதவோரம் நின்றார். அக்கா கஞ்சியோடு வாசலில் நின்றார். எண்ணெய் பூசி முடித்த பிறகு அண்ணன் சாமியாரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார். காலை வெட்ட வேண்டாம் என்றதற்காக என்னை வேலிக்கு வெளியே போடுவார்களா என்று. சாமியாருக்கு முதலில் விளங்கவில்லை. எந்த வேலி என்று என்னைக் கேட்டார். விளக்கினேன். அவர் முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு சட்டமே இப்போது கிடையாது என்றார். ஆபரேஷன் வேண்டாம் என்றவருக்கு எப்போதுமே கிடையாது. தானாக உயிரை விட்டவர்களைக்கூடத் திருச்சபை தள்ளி வைப்பதை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, அவர்களுக்கும் பூசை வைத்து, செபம் சொல்லி, உள்ளேதான் அடக்க வேண்டும், யார் உங்களுக்கு இப்படிச் சொன்னது என்று கேட்டார்.

சிங்களம் எங்கள் எல்லோருக்கும் விளங்கும், தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நின்றுகொண்டிருந்த கங்காணி அப்படியே வாசப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் அவரைத்தான் பார்த்தார். காய்ச்சலில் குரல் கம்மியிருந்தது.

“அப்ப அவன் இத்தன வருசம் வெளிய கெடந்தது சும்மாவா?”

அக்கா கஞ்சிக் கோப்பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தன் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

சில நாளில் அண்ணன் போய்விட்டார். கடைசியில் நல்ல நினைவு இல்லை. மலையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, கத்தி மரத்தில் பட்டுவிட்டது, ஃபீல்ட் ஆபீஸர் வருவார் என்று பதறிக்கொண்டிருந்தார். பட்டையைத் தாண்டி மரத்தில் கத்தி பட்டால் பால்வெட்டுக்காரருக்கு அது பெரிய அவமானம். படலண்ணே, படல என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்க்கு மட்டும் என் முகம் ஒத்துழைத்தது, அவர் கண் அப்போது என்னைப் பார்க்கவில்லை.

குழி வெட்டப் போனபோது கம்பியை நகர்த்த வேண்டியிருந்தது. அண்ணிக்குப் பக்கத்தில் அந்த ஓர் ஆள் இடத்தை உள்ளே எடுத்து, கம்பியை அதற்கு அப்பால் நடுவது என்று கங்காணி சொன்னார். சாமியார் சொன்னதை அவர் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆள் இடம்தான். மூலைத் தூணைப் பையன்கள் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அக்கா மம்பட்டியோடு வந்தார். பொம்பளைகள் குழி வெட்டுகிற இடத்துக்கு வருவது எங்களில் வழக்கமில்லை. யாரும் தடுக்கவில்லை.

“அண்ணனுக்கு வேலிய தள்ளுறீங்க. அப்பிடியே இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க.”

கங்காணி கீழே பார்த்தார். கூட்டாளியின் கல்லைத் தாண்டி, சரிவில் தங்கச்சியின் கல் வரைக்கும் அவர் பார்வை போய் வந்தது.

“கம்பி பத்தாதும்மா.”

சாக்கு என்று முழுக்கச் சொல்ல முடியாது. கம்பி துருப்பிடித்து, இழுத்த இடத்தில் எல்லாம் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது.

“பத்தாட்டி வேணாம்,” என்றார் அக்கா. “வேலியே வேணாம்.”

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். அங்கே கோயில் சார்பாக இருந்தது கங்காணியும் நானும்தான். அவருக்கு என்னைவிட வயதும் அதிகம், பக்தியும் அதிகம். அந்த இடத்துக்குப் பொருத்தமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். பெரிய சாமியார்கள் யாரும் நினைவுக்கு வரவில்லை. குனிந்து கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தேன். கையெல்லாம் கிழித்தது. கங்காணி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். அடக்கத்துக்கு வந்தார், பின்னால் நின்றார். சாமியார் அண்ணனுக்குச் செபம் சொல்லி முடித்துவிட்டு, நான் காட்டிய கற்கள் ஒவ்வொன்றுக்கும் இறங்கிப் போய்த் தண்ணீர் தெளித்தார். தங்கச்சியின் கல்லுக்கு அவர் போகும்போது கங்காணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இப்போது கீழ்ப்பக்கம் திறந்து கிடக்கிறது. சிங்களக் கிராமத்து மாடுகள் ஏறி வந்து பூவையெல்லாம் தின்றுவிடுகின்றன. கங்காணி என்னைக் காணும்போதெல்லாம் திட்டுகிறார். மாடு விரட்டுவதும் அரைச்சாமியின் பொறுப்பில் சேர்ந்திருக்கிறது.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு அண்ணன் மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அக்கா பக்கத்திலேயே குந்தியிருந்தார், தகர டப்பாவை வழக்கம்போலக் கொண்டுவந்திருந்தார். காற்று மாறவில்லை, வேலி போனால் காற்று போகுமா. நான் தள்ளி நின்றேன். அவள் என்னோடு பேசி மாதக்கணக்கு ஆகியிருந்தது. எழும்பி, தாவணியில் மண்ணைத் தட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“அந்தக் கோழிச் சாமி கடைசியில என்னா ஆனாரு?”

செத்துப்போனார் என்றேன். கால் சரியாகவே இல்லை, ஆனால் முடிகிற வரைக்கும் பாடம் எடுத்தார், நாற்காலியில் தூக்கிக்கொண்டுதான் போனார்கள் என்றேன்.

“யாரு தூக்குனா?”

“படிக்க வந்த பையங்க.”

கீழே ஒரு மாடு சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது.

“நானும் தூக்கியிருப்பேன், சித்தப்பா,” என்றாள். “தூக்குறது எனக்குப் பாரமில்லன்னு அவருகிட்ட யாருமே சொல்லல.”

ஒரு கல்லைக் குனிந்து எடுத்துக்கொண்டு மாட்டை விரட்ட அவளே இறங்கிப் போனாள்.